ரோச்டேல் நகரின் பழைய கடை: ஒரு கட்டடம் கற்பிக்கும் பாடம்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழாவில் பேச அழைக்கப்படுவோர் சங்கத்தின் சாதனைகளைப் பாராட்டிப் பேசுவது வழக்கம். அப்பணியை எனக்கு முன் பேசிய பெரியவர்கள் செவ்வனே செய்துவிட்டார்கள். ஆகவே நான் உங்களைச் சிறிது நேரம் வெகு தொலைவில் உள்ள ஓர் ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே கடைத்தெரு ஒன்றில் நிற்கும் ஒரு கட்டடத்தைக் காட்டிவிட்டு, மீண்டும் நம் ஊர்க் கடைத்தெருவில் நிற்கும் நம் சங்கக் கட்டடத்திற்கே உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பேன்.

இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில், மான்செஸ்டர் நகருக்கு அருகில் ரோச்டேல் என்னும் ஊர் உள்ளது. கம்பளி நெசவுக்கும் பின்னர்ப் பருத்தி நெசவுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரில் டோட் லேன் என்று ஒரு தெரு. ‘டோட்’ என்றால் தேரை என்று பொருள். ஆயினும் தேரைக்கும் அத்தெருவுக்கும் தொடர்பில்லை என்றும், ‘பழைய சந்து’ என்னும் பொருள்படும் சொற்றொடரே அவ்வூர் மக்கள் பேச்சில் மருவி அவ்வாறு ஆயிற்று என்றும் கூறுவர். அத்தெருவின் 31ஆம் எண் கட்டடத்தைப் பற்றியதே என் உரை.

கட்டடத்தின் அமைப்பு

அரண்மனை போன்ற ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டா. அது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட ஒரு பண்டகசாலை. செங்கற் சுவர், மூன்று அடுக்கு, தெருவைப் பார்த்த எளிய முகப்பு. தூண்களோ சிற்பங்களோ கோபுரமோ கிடையா. கம்பளி மூட்டைகளை அடுக்கி வைக்க என்ன வேண்டுமோ அதை மட்டும் மனத்திற்கொண்டு கட்டியவர்கள் கட்டினார்கள். தரைத்தளம் சரக்குக்கு ஏற்ற திறந்த கூடம். மேல் மாடிகளும் அவ்வாறே. இப்படித் தடுப்புகள் அதிகமில்லாத கட்டடத்திற்கு ஒரு நன்மை உண்டு. இன்று பண்டகசாலையாக இருப்பது நாளை கடையாகலாம், பள்ளியாகலாம், நூலகமாகலாம். 31ஆம் எண் கட்டடம் இவ்வத்தனையும் ஆயிற்று.

இக்கட்டடம் இன்று இங்கிலாந்து நாட்டின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இடம்பெற்றுள்ளது. அப்பட்டியலைப் பற்றி இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் நகரங்கள் பல சிதைந்தன. அதன் பின்னர், 1947ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இத்தகைய பட்டியலுக்கு உறுதியான அடிப்படை அமைத்தது. பட்டியலில் ஏறிய கட்டடத்தை அதன் உரிமையாளரே ஆயினும் உள்ளாட்சி மன்றத்தின் இசைவின்றி இடிக்கவோ, அதன் தன்மை மாறும்படி திருத்தவோ இயலாது. முதல் தரம், சிறப்பு இரண்டாம் தரம், இரண்டாம் தரம் என மூன்று பிரிவுகள் உண்டு. பட்டியலில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இரண்டாம் தரத்தினவே. கடைகள், பண்டகசாலைகள், தொழிலாளர் குடியிருப்புகள் போன்ற எளியோர் புழங்கிய கட்டடங்களும் அவற்றுள் அடங்கும். அழகு ஒன்றே கட்டடத்தின் தகுதி அன்று. அதனுள் நிகழ்ந்த வரலாறும் அதன் தகுதியே என்பதை அந்நாட்டார் சட்டமாகவே ஆக்கினர்.

நம் மக்களுக்கு இது ஒரு முக்கியமான செய்தி. நம் முன்னோர் கோட்டைகளைக் கட்டினர். ஆனால் கோட்டைக்கு உரியவர்களாக இருந்ததில்லை. குளம் வெட்டினர், அதில் நீர் மொள்ள அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. நம் வரலாறு ஓடு வேய்ந்த இராப்பள்ளியிலும், கீற்றுக் கொட்டகையிலும், வாடகை அறையிலும் நிகழ்ந்தது. அவையும் வரலாற்றுச் சின்னங்களே என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

இருபத்தெட்டுப் பேர்

இனி, அச்செங்கற் கட்டடத்திற்குள் நிகழ்ந்தது என்ன என்று பார்ப்போம்.

1840ஆம் ஆண்டுகளில் ரோச்டேல் நெசவாளர் நிலை மிக இரங்கத்தக்கதாய் இருந்தது. இயந்திரத் தறி கைத்தறியை விழுங்கிக்கொண்டிருந்தது. கூலி உயர்வு கேட்டுக் கிளர்ந்தவர்கள் தோல்வியுற்றனர். பெற்ற கூலியும் கைக்கு முழுமையாக நின்றபாடில்லை. கூலியைப் பணமாகத் தராது பண்டமாகத் தரும் கொடுமையைத் தடுக்க 1831இல் சட்டம் வந்திருந்தும், கடனுக்குப் பொருள் வாங்கும் தொழிலாளி கடைக்காரருக்குக் கட்டுண்டே கிடந்தான். மாவிலும் தேயிலையிலும் கலப்படம் மலிந்திருந்தது. கடன்பட்டவன் எடை குறைந்தாலும் கேட்க முடியாது. கலப்படம் கண்டாலும் வாய் திறக்க முடியாது.

களத்து மேட்டில் கூலி நெல் அளந்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. பற்று வரவு நோட்டில் எழுதப்பட்ட தொகை ஏறுமேயன்றி இறங்காது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அந்த நெசவாளர்களுக்கு வறுமையும் கடனும் இருந்தன. நம்மவர்க்கோ அவற்றோடு கடை வாயிலில் எட்டி நின்று பொருள் வாங்கும் இழிவும் சேர்ந்திருந்தது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டும் ஒன்றே என்று நான் கூறமாட்டேன். ஆயினும், கடனால் வாய் அடைபட்டவன் எந்நாட்டவனாயினும் அவன் படும் துன்பம் நமக்குப் புரியும்.

இந்நிலையில் சிலர் ஒன்றுகூடி வாரந்தோறும் இரண்டு பென்ஸ், பின்னர் மூன்று பென்ஸ் எனச் சேமிக்கத் தொடங்கினர். நெசவாளர் மட்டுமின்றிச் செருப்புத் தைப்போர் முதலிய பிற தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். ராபர்ட் ஓவன் என்னும் சிந்தனையாளரின் கருத்துகளைக் கற்றவர்களும், வாக்குரிமைக்காகப் போராடியவர்களும் இருந்தனர். 1844ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ‘ரோச்டேல் நேர்மை முன்னோடிகள் சங்கம்’ எனப் பொருள்படும் பெயரில் தம் சங்கத்தைப் பதிவு செய்தனர். உறுப்பினர் 28 பேர். முதல் 28 பவுன்.

கடைக்கு இடம் தேடினார்கள். டோட் லேன் 31ஆம் எண் பண்டகசாலையின் தரைத்தளம் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிடைத்தது. கட்டட உரிமையாளர் சங்கத்தை நம்பி இடம் தர மறுத்தார். அதனால் சார்ல்ஸ் ஹோவார்த் என்னும் உறுப்பினர் தம் சொந்தப் பெயரில் குடியேறிப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. வாடகைக்கு இடம் கேட்டுச் சென்று, ஊரும் தெருவும் விசாரிக்கப்பட்டுத் திரும்பி வந்தவர்கள் இந்த அவையிலும் பலர் உண்டு. இச்செய்தியின் பொருள் அவர்களுக்கு விளங்கும்.

1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மாலை கடை திறக்கப்பட்டது. அந்நாட்டில் ஆண்டிலேயே மிக நீண்ட இரவை உடைய நாள் அது. உள்ளே இருந்த சரக்கு என்ன? ஏறத்தாழ 13 கிலோ வெண்ணெய், 25 கிலோ சர்க்கரை, 300 கிலோ கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். இவற்றின் மொத்த மதிப்பு 16 பவுன் 11 ஷில்லிங் 11 பென்ஸ். தெருவில் கூடிய சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். தள்ளுவண்டியில் ஏற்றினால் தெருமுனைக்குள் தீர்ந்துவிடும் சரக்கை வைத்துக்கொண்டு நெசவாளர்கள் வணிகம் செய்யப் புறப்பட்டார்கள் என்பது ஊராரின் ஏளனம். தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே கடை திறந்திருந்தது. பகலெல்லாம் அவர்கள் வேலை செய்தாக வேண்டுமல்லவா?

விதிகளின் வலிமை

இளைஞர்களே! கூட்டுறவுக் கடை என்னும் எண்ணத்தை இவர்கள்தாம் முதன்முதலில் கண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்கு முன்னரே பிரிட்டன் நாட்டில் நூற்றுக்கணக்கான கூட்டுறவுக் கடைகள் தோன்றி மறைந்திருந்தன. அதே டோட் லேனில், 1833ஆம் ஆண்டு ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கப்பெற்று, இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. கடனுக்குப் பொருள் கொடுத்ததே அதன் வீழ்ச்சிக்குக் காரணம். 31ஆம் எண் கடையின் பெருமை அது முதலில் தோன்றியது என்பதில் இல்லை. முந்தைய தோல்வியைக் கற்றுத் தம் விதிகளை வகுத்தார்கள் என்பதில்தான் உள்ளது.

அவ்விதிகள் எளியவை. பொருளைக் கலப்படமின்றித் தருதல், அளவும் எடையும் சரியாக இருத்தல், ரொக்கத்திற்கே விற்றல், எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கு மட்டுமே, முதலுக்கு அளவான வட்டி, எஞ்சிய ஆதாயத்தை உறுப்பினர் வாங்கிய பொருளின் அளவிற்கேற்பப் பகிர்ந்தளித்தல், சமயம், அரசியல் கட்சி பற்றிய வேறுபாடு பாராட்டாமை.

பெண்களுக்கும் உறுப்பினர் உரிமை இருந்தது. எலிசா பிரையர்லி என்னும் பெண் 1846ஆம் ஆண்டிலேயே உறுப்பினராகச் சேர்ந்தார். மணமான பெண்ணின் ஊதியம் அவளுக்கே உரியது என்று அந்நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1870இல்தான். சட்டம் வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிறிய கடை அவ்வுரிமையின் வாயிலைத் திறந்துவிட்டது என்பதை நம் தாய்மார்கள் கருத வேண்டும்.

கடை வளர்ந்தது. 1849இல் ரோச்டேல் சேமிப்பு வங்கியில் பெரும் மோசடி வெளிப்பட்டது. நம்பிக்கை இழந்த ஏழை மக்கள் தம் சேமிப்பை இக்கடையை நம்பி ஒப்படைத்தார்கள். பெரிய மனிதர்கள் நடத்திய வங்கியைவிட மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்கெழுதிய தொழிலாளர்களின் கடை நம்பத்தக்கதாயிற்று. உறுப்பினர் தொகை 1850இல் 600, 1860இல் 3,450, 1867இல் 6,823. முதல் 28 பவுனிலிருந்து 1,28,000 பவுனுக்கு மேல் உயர்ந்தது. இதற்குக் காரணம் என்ன? விதி எழுத்தில் இருந்தது. கணக்கு வெளிச்சத்தில் இருந்தது. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

கீழே கடை, மேலே நூலகம்

இனி, நான் இந்த உரைக்கு இக்கட்டடத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்திற்கு வருகிறேன்.

கடை ஓரளவு நிலைபெற்றதும், அச்சங்கத்தார் 1840களின் இறுதிக்குள் மேல் மாடிகளையும் குத்தகைக்கு எடுத்தனர். எதற்காக? கூடுதல் சரக்கு வைப்பதற்கு மட்டுமன்று. மாடியில் செய்தித்தாள் படிப்பகத்தையும் நூலகத்தையும் அமைத்தனர். அக்காலத்தில் செய்தித்தாள் மீது அரசு வரி விதித்திருந்ததால் அது ஏழைக்கு எட்டாத பொருளாய் இருந்தது. பகல் முழுவதும் உழைத்த தொழிலாளி, மாலையில் கீழே மாவு வாங்கிவிட்டு, மாடி ஏறிச் செய்தித்தாளும் நூலும் படித்தான்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் உறுப்பினர்கள் அவ்வப்போது கொடுத்தார்கள். பின்னர், 1850களின் முற்பகுதியில், அது போதாது என்று உணர்ந்து ஒரு விதியை ஏற்படுத்தினார்கள். ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கல்விக்கே செல்ல வேண்டும் என்பதே அவ்விதி. ஆதாயம் மிகுந்தால் கொடுக்கலாம், குறைந்தால் நிறுத்தலாம் என்னும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. கல்வி தருமக் கணக்கிலிருந்து விடுபட்டு உரிமைக் கணக்கிற்கு வந்தது.

1867இல் சங்கம் அதே தெருவில் பெரியதொரு மையக் கட்டடம் எழுப்பி அங்கே குடிபெயர்ந்தது. பழைய 31ஆம் எண் கட்டடம் பிறர் கைக்குச் சென்றது. நல்வாய்ப்பாக அது இடிக்கப்படவில்லை. 1920களில் கூட்டுறவு இயக்கத்தார் அதனை மீட்டனர். முகப்பைப் பழைய கடையின் தோற்றத்திற்குத் திருப்பி, 1931இல் அருங்காட்சியகமாகத் திறந்தனர். 1981இலும் 2012இலும் மீண்டும் செப்பனிடப்பட்டு அது திறக்கப்பட்டது. இன்று அங்கு செல்வோர் தரைத்தளத்தில் மரப்பலகை மேசையையும் தராசையும் மாவுப் பீப்பாய்களையும் காணலாம். அவற்றைக் காண உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

நம் நாட்டிற்கும் அக்கடைக்கும் தொடர்பு உண்டு. 1904ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், ரோச்டேல் முறையைப் பின்பற்றி எழுந்த நுகர்வோர் சங்கமாகும். அரசுப் பள்ளிகளில் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை நடந்த காலம் என் வயதொத்தவர்க்கு நினைவிருக்கும். குறிப்பேடும் எழுதுகோலும் நியாய விலைக்கு வாங்கிய அந்தச் சிறு அலமாரியும் டோட் லேன் கடையின் வழித்தோன்றலே.

ஓர் எச்சரிக்கை

ரோச்டேல் வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் காட்டாவிடில் ஆசிரியன் என்ற முறையில் என் கடமையில் தவறியவனாவேன். அதே முன்னோடிகள் 1854இல் ஒரு கூட்டுறவு நெசவாலையைத் தொடங்கினர். அங்கே வேலை செய்யும் தொழிலாளிக்கும் ஆதாயத்தில் பங்கு உண்டு என்பது கொள்கை. ஆலை செழித்தது. செழிப்பைக் கண்டு, ஆதாயம் ஒன்றையே கருதியவர்கள் ஏராளமாகப் பங்குகளை வாங்கி உள்ளே நுழைந்தார்கள். 1862இல் தொழிலாளிக்குரிய பங்கை வாக்கெடுத்தே நீக்கிவிட்டார்கள். வறுமை கெடுக்காத கொள்கையை வளம் கெடுத்தது. கடையில் கல்விப் பங்கு நிலைத்தது. ஆலையில் தொழிலாளர் பங்கு வீழ்ந்தது. இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஊர் மக்களே.

நம் கட்டடம்

பெரியோர்களே, இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டு அறையில் இராப்பள்ளியாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று கடைத்தெருவில் சொந்தக் கட்டடத்தோடு விளங்குகிறது. இக்கட்டடத்தின் தரைத்தளம் முழுவதையும் கடைகளுக்கு வாடகைக்கு விடுவது என்றும், படிப்பகத்தை மாடிக்கு மாற்றுவது அல்லது நிறுத்திவிடுவது என்றும் ஒரு கருத்துப் பொதுக்குழுவின் முன் உள்ளது. இதுபற்றி உறுப்பினரிடையே மனத்தாங்கல் நிலவுவதையும் அறிவேன். வாடகை வேண்டும் என்போர் கல்விக்குப் பகைவர் அல்லர். கட்டடக் கடனையும் மின் கட்டணத்தையும் எண்ணிப் பேசுகிறார்கள். படிப்பகம் வேண்டும் என்போரும் கணக்கறியாதவர் அல்லர்; மாலையில் விளக்கும் மேசையும் இல்லாத வீடுகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளை எண்ணிப் பேசுகிறார்கள்.

ரோச்டேல் கட்டடம் இருதரப்பாருக்கும் ஒரு விடை கூறுகிறது. கீழே கடை இருப்பது இழிவன்று. படிப்பகம் மாடியில் இருப்பதும் குறையன்று. கீழ்த்தளக் கடையே மேல்தள நூலகத்தை வாழவைத்தது. ஆகவே கடைகள் வரட்டும். ஆனால் அதற்கு முன் மூன்று செய்திகளை நம் சங்க விதிகளில் எழுதிவிட வேண்டும் என்று இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வாடகை வருவாயில் கல்விக்கு இத்தனை பங்கு என்பதை விதியாக்க வேண்டும். அத்தொகை எவ்வளவு என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். ரோச்டேல் தொழிலாளர்க்கு வணிகமே முதல் நோக்கம். அவர்கள் இரண்டரைப் பங்கு ஒதுக்கினர். நமக்கோ கல்வியே நோக்கம். ஆகவே நம் பங்கு அதனினும் பன்மடங்கு பெரிதாக இருத்தல் வேண்டும். நல்ல மனம் உடையவர் பொறுப்பில் இருக்கும்போது விதி தேவையற்றதாகத் தோன்றும். அவர்களுக்குப் பின் வருவோர் யார் என்பதை நாம் அறியோம். ஆதலின் விதி வேண்டும்.

இரண்டாவது, படிப்பகம் நாள்தோறும் மாலையில் தவறாது திறக்கப்பட வேண்டும். மாடிக்குச் செல்லும் படிக்கட்டு தெருவிலிருந்தே தனி வழியாக அமைய வேண்டும். கடைக்காரர் கதவை மூடினால் நம் பிள்ளைகளின் வழியும் மூடப்படும் நிலை வரக்கூடாது. அங்கே பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்து அமர்ந்து படிக்க இடமும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். நிருவாகக் குழுவிலும் பெண்களுக்கு இடம் வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுக் கணக்கு முழுவதும் பொதுக்குழுவில் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். பள்ளிப் படிப்பில்லாத மூதாட்டியும் உட்கார்ந்து கேட்டு, எழுந்து கேள்வி கேட்கும்படி அது எளிய தமிழில் அமைய வேண்டும்.

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார்கள். தனி மனிதர் கற்று உயர்வதோடு நில்லாமல், சங்கமாகச் சேர்ந்து கல்வி நிலையங்களைக் கட்டி எழுப்ப வேண்டும் என்பதை அப்பெருந்தகை தம் செயலால் காட்டினார்கள். நம் சங்கம் அவ்வழியில் வந்த ஒரு சிறு விளக்கு.

இளைஞர்களே! உங்களில் பலர் இந்தப் படிப்பகத்தில் படித்து அரசுப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் சென்றவர்கள். உங்களிடம் நன்கொடை கேட்பது இங்கு என் நோக்கமன்று. பொதுக்குழுவிற்கு வாருங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் உரிமை, வாராதவருக்குப் பயன்படாது. ரோச்டேல் ஆலையில் தொழிலாளியின் பங்கு பறிபோனதும் வாக்கெடுப்பின் வழியாகத்தான் என்பதை மறவாதீர்கள்.

நம் கட்டடத்தை எந்த அரசும் இன்று பட்டியலில் சேர்க்கப்போவதில்லை. அதனைக் காக்க வேண்டிய சட்டம் நாமே எழுதிக்கொள்ளும் நம் சங்க விதிதான். அடுத்த மாதப் பொதுக்குழுவில் அதனை எழுதி நிறைவேற்றுவோமாக.